கால் கட்டைவிரல் கௌட் வலிக்கு ஜெல்: எதை, எவ்வளவு, எப்படி?

கௌட் என்பது யூரிக் அமிலம் மூட்டுக்குள் படிகமாகப் படிந்து வரும் வீக்கமும் வலியும். கடையில் "வலிக்கு ஜெல்" என்று கேட்டால் பெரும்பாலும் டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி ட்யூப்தான் வரும். பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். பலவற்றில் டைக்ளோஃபினாக்கோடு மெத்தில் சாலிசிலேட் 10%, மென்தால் 5% சேர்ந்திருக்கும். முழங்கால் பிடிப்புக்கு அது பரவாயில்லை. ஏற்கெனவே சிவந்து கனலும் கட்டைவிரலில் எரிச்சலைத்தான் கூட்டும். வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை) சாப்பிடுபவர்களுக்கு சாலிசிலேட் ஆபத்து, ரத்தக்கசிவு கூடும். டைக்ளோஃபினாக் மட்டும் உள்ளதாகக் கேளுங்கள்.

*

அளவில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள், பட்டாணி அளவு எடுத்தால் போதாது. சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடு பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். மூட்டுக்கும் சுற்றியுள்ள பாதத்துக்கும் நாலு கோடு, நாளைக்கு மூன்று நான்கு தடவை. போர்வை பட்டாலே உயிர் போகிற இடம், அழுத்தித் தேய்க்காதீர்கள். ஜெல்லை விரல் நுனியால் இழுத்துப் பரப்பினால் போதும். பூசியதும் கை கழுவல், பத்து நிமிடம் காயவிட்டு சாக்ஸ். மேலே ஹாட்பேக்கோ இறுக்கமான கட்டோ வேண்டாம்: சூட்டில் மருந்து அதிகமாக உள்ளே போகும், தோலும் வெந்துவிடும்.

ஐஸ் வைப்பதானால் துணியில் சுற்றி 15 நிமிடம், முதலில். தோல் காய்ந்து பழைய சூட்டுக்கு வந்தபின் ஜெல்.

*

கௌட் வலிக்கு கேப்சைசின் கிரீம் பூசலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். மிளகாய்க் காரம்தான் அதில் மருந்து. ஒன்றிரண்டு வாரம் விடாமல் பூசினால்தான் வலி கேட்கும். கௌட் வலியோ அதற்குள் தானே அடங்கிவிடும்! பூசிய கையால் கண்ணைக் கசக்கினால் தனிக் கதை.

*

ஒன்று விட்டுப்போனது. ஜெல்லிலிருந்து ரத்தத்தில் சேர்வது மாத்திரையில் சேர்வதில் சுமார் 6% தான். வயிற்றுக்கு அது நல்லது, ஆனால் யூரேட் (யூரிக் அமில) படிகம் மூட்டுக்குள் கிளப்பிய வீக்கத்தை ஜெல் மட்டும் அடக்காது. டாக்டர் எழுதிய கோல்சிசினை (கௌட் வீக்கத்தை அடக்கும் மாத்திரை) "ஜெல் போட்டிருக்கிறேனே" என்று தள்ளிப்போடாதீர்கள், வலி தொடங்கிய முதல் 12 மணி நேரத்தில்தான் அது நன்றாகக் கேட்கும். யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரையை ஏற்கெனவே எடுப்பவர்கள் வலி வந்ததென்று நிறுத்தக்கூடாது. ஜெல்லோடு டைக்ளோஃபினாக் மாத்திரையைத் தானாகச் சேர்ப்பதும் கூடாது. கிட்னி பழுது, ஆஸ்பிரின் சாப்பிட்டால் மூச்சிரைப்பு என்று இருந்தால் ஜெல்லுக்கும் டாக்டரைக் கேளுங்கள்.

மூட்டருகே யூரேட் சேர்ந்து உண்டான கட்டி உடைந்து சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக வந்தால் அதன்மேல் எதையும் பூசாதீர்கள். மூட்டு வீக்கத்தோடு காய்ச்சலும் குளிர்நடுக்கமும் வந்தால் அது சீழ் பிடித்த மூட்டாகவும் இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி.