புது பேட்டரி போட்டும் பயாஸ் செட்டிங் அழிகிறது, உதவி தேவை

நண்பர்களே, வணக்கம். அம்மாவின் தையல் கடைக் கணக்கெல்லாம் இருக்கும் டெஸ்க்டாப் இது. எட்டு வருடப் பழசு. இரவில் சுவிட்ச் போர்டில் அணைத்துவிட்டு மறுநாள் போட்டால் பயாஸ் (கணினி எழும்பும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) செட்டிங் எல்லாம் போய்விடுகிறது. தேதி 2015 ஜனவரி 1 என்கிறது, எஃப்1 அழுத்தச் சொல்கிறது. பூட் முறையும் (கணினி விண்டோஸை எழுப்பும் விதம்) புதிய முறையான யூஇஎஃப்ஐக்கு மாறிவிடுவதால் பழைய முறையில் போட்ட விண்டோஸ் எழும்புவதே இல்லை. தினமும் நான்தான் போய் மாற்றித் தருகிறேன். ஒருநாள் தேதியை மாற்ற மறந்ததில் பில் எல்லாம் 2015இல் பதிவாகி, அம்மா ரொம்பத் தவித்துப் போனார்.

மதர்போர்டில் இந்த செட்டிங்கைக் காக்கும் சிஆர்2032 பேட்டரி (நாணயம் போன்றது) புதிதாகப் போட்டேன். மூன்று வாரம் நன்றாக ஓடியது, அப்புறம் மறுபடியும் அதே கதை. மல்டிமீட்டரில் பார்த்தால் 2.1 வோல்ட்தான் இருக்கிறது. போடும்போது 3.2 இருந்தது. இன்னொன்று மாற்றினேன், அதுவும் அப்படியே இறங்குகிறது. செட்டிங்கை அழிக்கப் பயன்படும் சிமாஸ் கிளியர் ஜம்பர் சரியான இடத்தில்தான் இருக்கிறது. பேட்டரி ஹோல்டரையும் துடைத்துவிட்டேன். சுவர் சுவிட்சை அணைக்காமல் விட்டால் செட்டிங் அழிவதில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் (கணினியின் பவர் சப்ளை) 5 வோல்ட் ஸ்டேண்ட்பை, அதாவது கணினி அணைந்திருந்தாலும் வரும் மின்சாரம், தாங்குகிறது போல. ஆனால் எங்கள் பக்கம் மின்வெட்டு அதிகம்.

போர்டில் ஏதோ பேட்டரியை உறிஞ்சுகிறது என்றே நினைக்கிறேன். பேட்டரி பக்கத்து டயோடா, கெப்பாசிட்டரா, சிப்செட்டேவா? எதை முதலில் அளந்து பார்ப்பது? சால்டரிங் ஓரளவு வரும். இதைச் சரிசெய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.