தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் தவணையாக எடுக்கும் பணத்துக்கு வரி உண்டா?

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரியில் வசிக்கும் என் அப்பா, ஓசூரில் ஒரு தனியார் தொழிற்சாலையில் பணியாற்றி, 60 வயதில் ஓய்வு பெற்றிருக்கிறார். தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்துள்ள தொகையில் 60 சதவீதத்தை மொத்தமாக எடுத்தால் அதற்கு வரி இல்லை என்பதும், எஞ்சியதைக் கொண்டு வாங்கும் ஆன்யூட்டியிலிருந்து (காப்பீட்டு நிறுவனத்திடம் மொத்தத் தொகை செலுத்தி வாங்கும் ஓய்வூதியத் திட்டம்) வரும் ஓய்வூதியம் அந்தந்த ஆண்டின் வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆனால் அவர் அந்த 60 சதவீதத்தை ஒரேயடியாக எடுக்காமல், காலாண்டுக்கு ஒருமுறை தவணையாகப் பெற்றுக்கொள்ள விரும்புகிறார். மொத்தப் பணமும் கைக்கு வந்தால் விரைவில் கரைந்துவிடும் என்ற அவருடைய அச்சம் நியாயமானது என்றே நானும் நினைக்கிறேன். கணக்கில் விட்டுவைக்கும் பணம் இடைப்பட்ட ஆண்டுகளில் ஈட்டும் வளர்ச்சிக்கும் வரிவிலக்கு பொருந்துமா? ஒவ்வொரு தவணையையும் வருமான வரிக் கணக்கில் விலக்கு பெற்ற வருமானமாகக் காட்ட வேண்டுமா? இம்முறையில் ஏற்கெனவே பணம் பெற்றுவருபவர்களும், நம் பகுதியில் உள்ள ஆடிட்டர்களும் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.