புதுப்பிப்பு: பூனையின் பல் கரைவு, எக்ஸ்ரேக்குப் பிறகு

எங்கள் பூனை ஒரு பக்கமாகவே மெல்கிறாள், கீழ்த்தாடைப் பல் ஒன்றின் மேல் ஈறு சிவந்து ஏறியிருக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். சொத்தைதானே, அடைத்துவிடலாமே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சொத்தை இல்லை, பல் கரைவு. சொத்தையில் பாக்டீரியாவின் அமிலம் பல்லை அரிக்கும். இதில் உடலின் சொந்தச் செல்களே பல்லைக் கரைக்கின்றன. அதனால் அடைத்தாலும் உள்ளே கரைவது நிற்காது.

மயக்கம் கொடுத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். தயவுசெய்து இதைத் தவிர்க்காதீர்கள், சிகிச்சையே அதை வைத்துத்தான். வேர் வேராகவே இருந்தால் முழுசாகப் பிடுங்க வேண்டும். வேர் கரைந்து எலும்போடு கலந்துவிட்டிருந்தால் மேல்பகுதியை மட்டும் வெட்டியெடுத்து ஈறைத் தைத்துவிடலாம். எங்களுக்கு முதல் வகை, பல்லை எடுத்தாச்சு. இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள். அப்புறம், மற்ற பற்களிலும் இது வரலாம் என்பதால் அடுத்த பரிசோதனையிலும் எக்ஸ்ரே உண்டு.