2020-இன் படிவம் 144 (நிறுவன அதிகாரிகள் தம் பங்குகளை விற்கப்போவதாகத் தரும் அறிவிப்பு) எங்கே கிடைக்கும்?

கொரோனா பயத்தில் அமெரிக்கத் தடுப்பூசிப் பங்குகள் எகிறிய 2020-இல், நிறுவன அதிகாரிகள் தம் பங்குகளை விற்றது முன்பே போட்ட விற்பனைத் திட்டப்படியா, ஏற்றத்தைக் கண்டு அவசரமாகப் போட்ட திட்டமா என்று பிரிக்க வேண்டும். அப்போது திட்டம் போட்டதற்கும் விற்பதற்கும் கட்டாய இடைவெளி கிடையாது. அதிகாரிகளுக்குக் குறைந்தது 90 நாள் என்ற விதி 2023-இல்தான் வந்தது. ஆகவே திட்டத் தேதிதான் உயிர்நாடி.

எட்கரில் (அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்தின் ஆவணத் தளம்) படிவம் 4 (அதிகாரிகள் தம் பங்குப் பரிமாற்றங்களைத் தெரிவிக்கும் அறிக்கை) எல்லாம் பார்த்தாயிற்று. ஒரே நாளில் 'எம்', 'எஸ்' இரண்டு குறியீடும் வந்தால், ஆப்ஷனைப் (குறித்த விலையில் பங்கு வாங்கும் உரிமை) பங்காக்கிக் கையோடு விற்றிருக்கிறார்கள். அதுவரை தெளிவு. ஆனால் அடிக்குறிப்பில் பெரும்பாலும் "10பி5-1 திட்டப்படி" (முன்கூட்டியே போடும் விற்பனைத் திட்டத்துக்கான விதியின் எண்) என்று மட்டும் இருக்கிறது, திட்டம் போட்ட தேதி இல்லை. திட்டப்படியான விற்பனை என்று குறிக்கும் தேர்வுப்பெட்டியும், கூடவே திட்டத் தேதியும் 2023 ஏப்ரலில்தான் கட்டாயமாயின. நிறுவனங்கள் முக்கிய நிகழ்வுகளைத் தெரிவிக்கும் 8-கே அறிவிப்புகளிலும் தேடினேன், சில நிறுவனங்கள்தான் தாமாகச் சொல்லியிருக்கின்றன. 13எஃப் இதற்கு உதவாது: அது பெரிய முதலீட்டு நிறுவனங்களின் காலாண்டுக் கையிருப்பு, ஷார்ட் நிலையும் (விலை இறங்கும் என்று கடன் வாங்கி விற்ற பங்கு) அதில் வராது.

மிச்சம் படிவம் 144. திட்டத் தேதிக்கு அதில் தனி இடமே உண்டு, ஆனால் அந்த ஆண்டில் பெரும்பாலானவை எட்கரில் ஏறவில்லை.

அந்தப் பழைய 144-களின் நகலோ தரவுத்தொகுப்போ எங்கே, எப்படிப் பெறுவது?