பழமையான தேவாலயத்தின் உட்புறத்தைப் பென்சிலில் வரைதல்: வளைகூரை ஏன் கோணுகிறது?

கேள்வி:
கோதிக் பாணித் தேவாலயம் ஒன்றின் நடுக்கூடத்தைப் பலிபீடத்தை நோக்கியபடி வரைந்து வருகிறேன். மறைபுள்ளியை, அதாவது தொலைவை நோக்கிச் செல்லும் இணைகோடுகள் ஒன்றுசேர்வதாகத் தோன்றும் புள்ளியை, குறித்துக்கொண்டுதான் தொடங்கினேன். தூண்கள் ஓரளவு சரியாக அமைகின்றன. ஆனால் கூரையில் குறுக்காகச் செல்லும் விலா வளைவுகள் உச்சியில் ஒன்றுசேராமல் பக்கவாட்டில் சரிகின்றன. மேலும், இருட்டான மூலைகளை 6பி பென்சிலால் அழுத்தித் தீட்டினால் கருமைக்குப் பதிலாகப் பளபளப்புதான் வருகிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
விலா வளைவுகளைக் கண்ணால் பார்த்து நேரடியாக வரைய முயல்வதே சிக்கலுக்குக் காரணமாக இருக்கலாம். எதிரெதிரான நான்கு தூண்களின் தலைப்பகுதியில், வளைவுகள் கிளம்பும் உயரத்தில், அவற்றை இணைக்கும் நாற்கரம் ஒன்றை மெல்லிய கோட்டில் போட்டு, அதன் மூலைவிட்டங்கள் வெட்டும் இடத்திலிருந்து செங்குத்தாக ஒரு கோட்டை மேலே உயர்த்துங்கள்; விலா வளைவுகள் சந்திக்கும் உச்சிக்கல் அந்தக் கோட்டின் மேல்தான் அமையும். அளவுகோலால் பாதி அளந்து நடுவைக் குறிக்கக் கூடாது, ஏனெனில் தொலைவுத் தோற்றத்தில் (perspective) அருகிலுள்ள பாதி பெரிதாகவும் அப்பாலுள்ள பாதி சிறிதாகவும் தெரியும். அடுத்த தூணின் இடத்தையும் இப்படியே கண்டுபிடிக்கலாம்: முதல் தூணின் உச்சியிலிருந்து இரண்டாம் தூணின் நடு உயரம் வழியாகச் செல்லும் கோடு, தூண்களின் அடிகளை இணைக்கும் தரைக்கோட்டைத் தொடும் இடமே, தூண்கள் சம இடைவெளியில் இருக்கும்பட்சத்தில், மூன்றாம் தூணின் அடி. ஒரு கட்டத்தைப் பொறுமையாக அமைத்துவிட்டால் மற்றவை தாமாக வரும்.

மறுமொழி 2:
பளபளப்பு, பென்சிலின் கருப்பொருளான கிராஃபைட்டின் இயல்பு. அழுத்த அழுத்த அது கூடும். எச்பி, 2பி, 4பி என்று மெல்லிய அடுக்குகளாகத் தீட்டி, கடைசிக் கருமைக்கு மட்டும் பளபளக்காத கார்பன் பென்சிலைப் பயன்படுத்துங்கள். ஆனால் கிராஃபைட் வழவழப்பாகப் படிந்த இடத்தில் கார்பன் சரியாக ஒட்டாது என்பதால், அந்த மூலைகளை முன்கூட்டியே தீர்மானித்துக் காலியாக விட வேண்டும்.

அதைவிட முக்கியமாக நான் கருதுவது சாளரங்கள். காகிதத்தின் வெண்மையைவிடப் பிரகாசமான எதுவும் நம் கையில் இல்லை. ஆகவே சாளரம் ஒளிர வேண்டுமானால் அதைச் சுற்றியுள்ள சுவர், அது உண்மையில் வெள்ளைச் சுண்ணாம்புச் சுவராகவே இருந்தாலும், சாம்பல் நிறத்துக்கு இறங்கத்தான் வேண்டும். அங்கே கல்லின் இடுக்குகளை ஒவ்வொன்றாக வரைவது வீண்வேலை.

மறுமொழி 3:
முதல் மறுமொழியில் உள்ள முறை சரியானதே. ஆனால் அதைத் தேவாலயத்துக்குள் அமர்ந்து செய்ய வேண்டியதில்லை. டச்சு ஓவியர் பீட்டர் சான்ரெடாம் 1636இல் உட்ரெக்ட் நகரத் தேவாலயங்களை நேரில் பார்த்து வரைந்தார். பின்னர் அளவுகளைக் கொண்டு கட்டமைப்பு வரைபடம் தயாரித்து, அதிலிருந்து ஓவியம் தீட்டினார், சிலவற்றைப் பல ஆண்டுகள் கழித்து. அவற்றுள் ஒன்றான மரியா தேவாலயம் 19ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டுவிட்டதால், அதன் உட்புறத்தை அறிய அவருடைய படங்களே இன்று பெரிதும் உதவுகின்றன.

நேரில் இருக்கும்போது கண்மட்டக் கோடு, தூண்களின் விகிதம், ஒளி வரும் திசை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டால் போதும். இடையில் எழுந்து நின்று வரையாதீர்கள். கண்மட்டம் மாறினால் மறைபுள்ளியும் மாறிவிடும். நிழற்படத்தை நினைவுக்குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அகலக்கோண லென்ஸ் ஓரத்துத் தூண்களைத் தடித்தவையாகக் காட்டும்.