ஸ்டார்க் ஃப்ளைட் லேப், இன்ஃபினிட்டி டிஃபென்ஸ்: ரைடு எப்படி இருக்கும், க்யூ எப்படி நகரும்?

க்யூலைன் கேட்டது:

2024 ஆகஸ்டில் டி23 (டிஸ்னியோட ரசிகர் மாநாடு) மேடையில் அறிவிச்ச ரெண்டு அவெஞ்சர்ஸ் ரைடு பத்தியும் ஒரே இடத்துல பேசலாம்னு இந்த இழை.

டிஸ்னி சொன்னது இவ்வளவுதான். அனாஹைம்ல டிஸ்னி கலிஃபோர்னியா அட்வென்ச்சர் பார்க்ல இருக்கிற அவெஞ்சர்ஸ் கேம்பஸ்ங்கிற மார்வெல் பகுதி ரெண்டு மடங்கா பெருசாகுது. முதல் ரைடு அவெஞ்சர்ஸ் இன்ஃபினிட்டி டிஃபென்ஸ். அதுல வில்லன் கிங் தானோஸ். அஸ்கார்டு, வகாண்டா, நியூயார்க்னு மூணு இடம் வருது. ரெண்டாவது ஸ்டார்க் ஃப்ளைட் லேப். ராபர்ட் டவுனி ஜூனியரே மேடைக்கு வந்து அறிவிச்சார். பாட்ல (pod, சின்ன கூண்டு மாதிரி வண்டி) உட்கார்ந்து தடத்துல போவோம். ஒரு பெரிய ரோபோ கை அந்த பாடைப் பிடிச்சுத் தூக்கிச் சுழற்றும்.

என் கேள்விகள்: யூனிவர்சல் தீம் பார்க்ல ஹாரி பாட்டர் ரைடுல இருக்கிற ரோபோ கைக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பேர் ஏற முடியும்? உயர வரம்பு எவ்வளவு வைப்பாங்க? தானோஸ் ரைடு முழுக்கத் திரைதானா? இதே ரைடு ஃப்ளோரிடாவுக்கும் வரும்னு ஒரு வதந்தி சுத்துதே, அதுக்கு வாய்ப்பு இருக்கா?

---

ஆறு_அச்சு பதில்:

முதல் கேள்வியிலேயே இரண்டாவதுக்கும் பாதி விடை இருக்கிறது.

2010இல் ஆர்லாண்டோவில் திறந்த ஹாரி பாட்டர் அண்ட் தி ஃபர்பிடன் ஜர்னியில் ரோபோ கையே தடத்தின் மேல் நகர்ந்து போகும். நான்கு பேர் உட்காரும் பெஞ்சு அதன் நுனியிலேயே நிரந்தரமாக மாட்டியிருக்கும். நகரும் பெல்ட்டில் நடந்தபடியே ஆட்கள் ஏறுவார்கள், கை நிற்பதே இல்லை. அதனால் ரைடு எத்தனை நிமிடம் ஓடினாலும் கணக்குக்கு வருவது ஒரு பெஞ்சுக்கும் அடுத்த பெஞ்சுக்கும் உள்ள இடைவெளி மட்டும்தான். 8 நொடிக்கு ஒரு பெஞ்சு என்று வைத்தால் மணிக்கு 450 பெஞ்சு, 1,800 பேர்.

ஸ்டார்க் ஃப்ளைட் லேப்பில் காட்டிய அமைப்பு இதற்கு நேர் எதிர். பாட் நகரும், கை ஒரே இடத்தில் நிற்கும். ஒரு பாட் கையில் இருக்கும் வரை அந்தக் கை வேறு யாரையும் எடுக்க முடியாது. ஆகவே இங்கே தீர்மானிப்பது ஒரு கையின் முழுச் சுற்று நேரம்.

என் ஊகத்தில் இப்படிப் போடலாம்: பாட் வந்து நின்று கையுடன் இணைய 8 நொடி, பூட்டு விழுந்ததா என்று சென்சார்கள் சரிபார்க்க 4 நொடி, சுழற்றல் 75 நொடி, திரும்ப இறக்கிக் கழற்ற 8 நொடி, அடுத்த பாட் உள்ளே வர 5 நொடி. மொத்தம் 100 நொடி. மணிக்கு 36 சுற்று. ஒரு பாடில் 4 பேர் என்றால் ஒரு கைக்கு 144 பேர். எட்டு கை வைத்தால் 1,152. அதுவும் ஒரு நொடி வீணாகாமல் ஓடினால். சீட் பெல்ட் மாட்டாதவர், பையை மடியில் வைத்தவர், காலியாகப் போகும் இருக்கை எல்லாம் கழித்து 85 சதவீதம் என்று எடுத்தால் 979. பாடுக்கு 2 பேர்தான் என்றால் இந்த எண்கள் எல்லாமே பாதியாகும். பெரிய ரைடுக்கு அது போதவே போதாது.

இரண்டு பேரா நான்கு பேரா என்பதை எடைதான் முடிவு செய்யும். தொழிற்சாலை ரோபோ கையையே ரைடாக்கிய ஆரம்ப கால ரோபோகோஸ்டர், குகா நிறுவனத்தின் கேஆர் 500 ரகக் கையில் செய்தது. அதன் தூக்கும் திறன் 500 கிலோ, ஏறுவது இரண்டு பேர். நான்கு பெரியவர்களுக்கு ஆளுக்கு 100 கிலோ கணக்கில் 400 கிலோ போய்விடும். பாட் உடல், இருக்கைகள், தோள் தடுப்பு, ஸ்பீக்கர், கையுடன் இணையும் வளையம் எல்லாம் சேர்த்து இன்னொரு 400 கிலோ என்றாலும் 800. அப்படியானால் 1,000 கிலோ தூக்கும் கேஆர் 1000 டைட்டன் ரகம் வேண்டும். அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு: இந்த எண்கள் பாரம் கையின் நுனிக்கு மிக அருகில் இருக்கும்போதுதான் பொருந்தும். பாடின் எடைமையம் நுனியிலிருந்து விலக விலக, மணிக்கட்டு அச்சுகளில் விழும் திருகுவிசை ஏறும், தூக்கும் திறன் சரியும். நான்கு பேரை ஒரே வரிசையில் உட்கார வைத்தால் பாட் அகலமாகும். இரண்டிரண்டாக உட்கார வைத்தால் ஆழமாகும். அகலமாக, ஆழம் குறைவாக, நுனியோடு ஒட்டினாற்போல் இருப்பதுதான் கைக்கு நல்லது. வரைபடங்களைப் பார்க்கும்போது இதைக் கவனியுங்கள்.

உயர வரம்பு: தலைகீழாகச் சுழற்றினால் 48 அங்குலம், அதாவது 122 செ.மீ. ஃபர்பிடன் ஜர்னிக்கு 48தான். ஃப்ளோரிடாவில் டிஸ்னியின் எப்காட் பார்க்கில் 2009இலிருந்து 2016 வரை ஓடிய சம் ஆஃப் ஆல் த்ரில்ஸும் ரோபோ கைதான். அங்கே 48 அங்குலம், தலைகீழ் வரும் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் 54. எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சுழற்றலே கொடுக்க வேண்டும் என்பதால் டிஸ்னி இங்கே தலைகீழைத் தவிர்த்து 42 அல்லது 44இல் நிறுத்தவும் கூடும். 115 செ.மீ. உயரமுள்ள குழந்தைக்கு, அதே கேம்பஸில் இப்போதே ஓடும் மிஷன் பிரேக்அவுட் (40 அங்குலம், 102 செ.மீ.) உறுதி, இது சந்தேகம் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுவதே நல்லது.

---

இருட்டுரைடு பதில்:

தானோஸ் ரைடு பத்தி மட்டும் சொல்றேன். எனக்கு அதுதான் பெரிய எதிர்பார்ப்பு. 2019லயே இந்த இடத்துக்கு ஒரு பெரிய ரைடுனு சொன்னாங்க, 2022 டி23ல கிங் தானோஸ்னு கதை வந்துச்சு, 2024ல இப்போதைய பெயர். இத்தனை தடவை திருத்தி எழுதின ரைடு அவசரத்துல செஞ்சதா இருக்காதுங்கிறது என் நம்பிக்கை.

முழுக்கத் திரையா இருக்காதுனு நான் நினைக்கிறதுக்குக் காரணம் வண்டியோட அசைவு. நகர்ற வண்டியில இருந்து தட்டையான திரையைப் பார்த்தா, ஒரு இடத்துல மட்டும்தான் கோணம் சரியா வரும். கடந்து போகும்போது கட்டடமெல்லாம் சாயுற மாதிரி தெரியும். 1999ல யூனிவர்சல் ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர்ல ஸ்பைடர்மேன் ரைடு வந்தப்போ, வண்டி எந்த நொடியில எங்கே இருக்கும்னு கணக்குப் போட்டு அதுக்கேத்த மாதிரி படத்தையே நொடிக்கு நொடி வளைச்சுக் கொடுத்தாங்க. 12 பேர் வண்டியில எல்லாருக்கும் ஓரளவு சரியா தெரியும், ஆனா ஓரத்து இருக்கைக்கு நடு இருக்கை அளவுக்கு வராது. இந்தக் குறை தெரியாம இருக்கணும்னா, திரைக்கு முன்னாடி ஆறேழு அடி தூரத்துல நிஜப் பொருள் ஏதாவது நிக்கணும். அஸ்கார்டோட தூண், நியூயார்க்ல கவிழ்ந்த டாக்ஸி, வகாண்டாவோட பாறை. கண்ணு பக்கத்துல இருக்கிற நிஜப் பொருளைப் பிடிச்சுக்கும், பின்னாடி இருக்கிற படம் தூரமா தெரியும். மூணு உலகம் வேணும்னா மூணு செட்; திரை அதுக்குப் பின்னணி.

வண்டி விஷயத்துல ரெண்டு கட்சி இருக்கு. ஒண்ணு, டிஸ்னியோட ஸ்டார் வார்ஸ் ரைடான ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ் மாதிரி தடமில்லாத 8 பேர் வண்டி. இன்னொண்ணு, 1995ல டிஸ்னிலேண்டுல வந்த இந்தியானா ஜோன்ஸ் ரைடு மாதிரி தடத்துல ஓடி, மேல் பகுதி மட்டும் ஹைட்ராலிக்ல ஆடுற 12 பேர் வண்டி. நான் ரெண்டாவது பக்கம். 24 நொடிக்கு ஒரு வண்டினா மணிக்கு 150 வண்டி, 1,800 பேர். தடமில்லாத வண்டி அறைக்குள்ள அழகா சுத்தும், ஆனா வேகம் குறைவு. சண்டைக் காட்சிக்கு நடுவுல வண்டி மெதுவா ஊர்ந்தா தானோஸ் மேல இருக்கிற பயமே போயிடும். பக்கத்துல இருக்கிற ரைடு மணிக்கு ஆயிரம் பேரைத்தான் ஏத்தும்னு ஆறு_அச்சு சொன்ன கணக்கு சரியா இருந்தா, கூட்டத்தைத் தாங்க வேண்டியது இன்ஃபினிட்டி டிஃபென்ஸ்தான். அதனால பெரிய வண்டியா வைப்பாங்க.

தானோஸ் நிஜ உருவமா நிப்பாரானு நிறைய பேர் கேக்குறாங்க. ஒரு காட்சியிலயாவது நிக்கணும். கைமட்டும் நீண்டு வண்டியைத் தடுக்கிற மாதிரி வச்சாலே போதும், முழு உருவத்தை விட அதுதான் பழுதில்லாம ஓடும்.

---

மேற்குக்கரை பதில்:

ஃப்ளோரிடா வதந்தியை இத்தோடு விட்டுவிடலாம் நண்பர்களே. 1994இல் மார்வெல், யூனிவர்சலின் அப்போதைய தாய் நிறுவனமான எம்சிஏவுடன் போட்ட ஒப்பந்தம் இன்னும் உயிரோடு இருக்கிறது. டிஸ்னி 2009இல் மார்வெலை வாங்கியபோது அந்த ஒப்பந்தமும் கூடவே வந்தது. அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே யூனிவர்சல் பயன்படுத்தும் கதாபாத்திரங்களையும், அவர்களைச் சேர்ந்த குழுவினரையும் வேறு தீம் பார்க் பயன்படுத்தக் கூடாது. அவெஞ்சர்ஸ், எக்ஸ்மென், ஃபென்டாஸ்டிக் ஃபோர், ஸ்பைடர்மேன் எல்லாம் அதற்குள் வருகிறார்கள். ஆர்லாண்டோ யூனிவர்சலில் ஹல்க் கோஸ்டர் ஓடிக்கொண்டிருக்கும் வரை இதில் மாற்றம் வராது. அதை 2015இல் மூடிக் கழற்றி, புதுத் தண்டவாளமே போட்டு 2016இல் திறந்தார்கள். விட்டுக்கொடுக்கும் எண்ணம் இருப்பவர் செய்கிற வேலை இல்லை அது.

கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி அந்தப் பட்டியலுக்கு வெளியே இருந்ததால்தான் எப்காட்டில் 2022இல் காஸ்மிக் ரிவைண்ட் வர முடிந்தது. ஆற்றுக்கு மேற்கே கதாபாத்திரங்களைப் பயன்படுத்தலாம், ஆனால் விளம்பரத்திலும் பெயரிலும் மார்வெல் என்று போட முடியாது. அனாஹைமில் அவெஞ்சர்ஸ் கேம்பஸ் என்று மட்டும் இருப்பதும், 2022இல் பாரிஸில் திறந்தது மார்வெல் அவெஞ்சர்ஸ் கேம்பஸ் என்று இருப்பதும் இதனால்தான்.

ஆசியாவில்தான் நகர்வு அதிகம். ஹாங்காங்கில் அயர்ன் மேன் எக்ஸ்பீரியன்ஸ் 2017இலும் ஆன்ட்மேன் ரைடு 2019இலும் வந்துவிட்டன, அடுத்து ஸ்பைடர்மேன் அறிவித்தாயிற்று. ஷாங்காய்க்கும் ஸ்பைடர்மேன் கோஸ்டர் அறிவித்திருக்கிறார்கள். ஜப்பானில் யூனிவர்சலின் ஸ்பைடர்மேன் ரைடு 2024 ஜனவரி 22இல் மூடியது.

இன்னொன்று கவனியுங்கள். மிஷன் பிரேக்அவுட் பழைய டவர் ஆஃப் டெரர், பாரிஸின் ஃப்ளைட் ஃபோர்ஸ் பழைய ராக் அண்ட் ரோலர் கோஸ்டர், ஹாங்காங்கின் ஆன்ட்மேன் பழைய பஸ் லைட்இயர். டிஸ்னியின் மார்வெல் ரைடுகளில் பல, இருந்த இயந்திரத்துக்குப் புதுச் சட்டை போட்டவை. ஸ்டார்க் ஃப்ளைட் லேப் அப்படியில்லை. ஓட்டிப் பழகிய முன்மாதிரி இல்லாததால் முதல் சில மாதம் அடிக்கடி நிற்கும் என்றே கணக்கு வையுங்கள்.

---

க்யூலைன் கேட்டது:

மூணு பேருக்கும் நன்றி. ஆறு_அச்சு, எட்டு கையில ஒண்ணு பழுதாச்சுனா என்ன ஆகும்? மொத்த ரைடும் நிக்குமா? பாட் மேல தூக்கின நிலையில நின்னா ஆளுங்களை எப்படி இறக்குவாங்க?

---

ஆறு_அச்சு பதில்:

எல்லாம் தடத்தின் அமைப்பைப் பொறுத்தது. எட்டு கையும் ஒரே தடத்தில் வரிசையாக இருந்தால் ஒன்று நின்றால் பின்னால் வரும் பாட்கள் அத்தனையும் நிற்கும். ரயில்வேயில் எக்ஸ்பிரஸ் தாண்டிப் போக கூட்ஸை லூப் லைனில் ஒதுக்குவது போல, ஒவ்வொரு கைக்கும் தனிக் கிளை இருந்தால் பழுதானதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை ஓட்டலாம். எட்டில் ஏழு கை என்றால் 1,008 பேர். க்யூ நீளும், ஆனால் நிற்காது. கிளைக்குப் பதில் திரும்பும் மேடை வைத்தாலும் இதே பலன்தான். ஆனால் அந்த மேடையே பழுதானால் அதை நம்பியிருக்கும் எல்லா கையும் போச்சு.

அடிக்கடி வரப்போகும் பழுது இணைப்பில்தான் இருக்கும். பாட் தடத்திலிருந்து விடுபடுவதற்கு முன் கையின் பூட்டு விழுந்திருக்க வேண்டும், அதுவும் ஒன்றுக்கு இரண்டு பூட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனி சென்சார் உறுதி செய்ய வேண்டும். இரண்டு சென்சார் இரண்டு விதமாகச் சொன்னால் கட்டுப்பாட்டுக் கணினி எது சரி என்று ஆராயாது, அப்படியே நிறுத்திவிடும். பூட்டு நன்றாகவே இருக்கும், சென்சாரில் படிந்த தூசியோ கிரீஸோ போதும். நாளுக்கு நூற்றுக்கணக்கான முறை இணைந்து கழலும் இடம் அது, தேய்மானம் அங்கேதான் முதலில் தெரியும். இரவுப் பராமரிப்பில் இந்த வளையத்துக்குத்தான் அதிக நேரம் போகும்.

மேலே நின்றுவிட்டால்: கையின் ஒவ்வொரு அச்சிலும் மின்சாரம் போனதும் தானாகப் பிடிக்கும் பிரேக் இருக்கும், பாட் விழாது. பெரும்பாலும் கட்டுப்பாட்டை மீண்டும் எழுப்பி, மெதுவான வேகத்தில் கையாலேயே இறக்கும் நிலைக்குக் கொண்டுவருவார்கள். அதுவும் முடியாவிட்டால் ஒரு நேரத்தில் ஓர் அச்சின் பிரேக்கை மட்டும் தளர்த்தி, எடையை நம்பித் தாழ்த்த வேண்டும். அச்சுகளின் வரிசை தவறினால் பாட் சாய்ந்துகொண்டே இறங்கும், ஆகவே வரிசையை முன்கூட்டியே எழுதிவைத்து ஒத்திகை பார்ப்பார்கள். கலிஃபோர்னியாவில் 1999இல் வந்த நிரந்தர ரைடுகளுக்கான பாதுகாப்புச் சட்டப்படி மாநில ஆய்வும் உண்டு.

---

மேற்குக்கரை பதில்:

எந்த வதந்தியை எவ்வளவு நம்புவது என்று தனியே சிலர் கேட்டதால் இதையும் போட்டுவிடுகிறேன். காப்புரிமை விண்ணப்பம் அமெரிக்காவில் தாக்கல் செய்து 18 மாதம் கழித்துத்தான் வெளிவரும், அதில் பாதிக்கு மேல் கட்டப்படுவதே இல்லை என்பது என் கணிப்பு. கருத்தோவியம் (ரைடு எப்படி இருக்கும் என்று டிஸ்னி வெளியிடும் படம்) விளம்பரத்துக்கு வரைந்தது, அதில் அளவு பார்க்க முடியாது. அனாஹைம் நகராட்சியின் கட்டட அனுமதியில் பெயர் மறைந்திருந்தாலும் வேலையின் வகை தெரியும்.

இந்த ரைடுக்கு மட்டும் அதை விட நல்ல தடயம் ஒன்று உண்டு. சுழலும் ரோபோ கை தரையைக் கவிழ்க்கும் விசையோடு இழுக்கும், அதனால் ஒவ்வொரு கைக்கும் கட்டடத் தளத்திலிருந்து பிரித்த தனி கான்கிரீட் அடித்தளமும், அதில் வட்டமாக நங்கூர போல்ட்டுகளும் வேண்டும். கூரை மூடுவதற்கு முன் எடுத்த ஆகாயப் படம் எது கிடைத்தாலும் அந்த வட்டங்களை எண்ணுங்கள். எட்டும் அதற்கு மேலும் இருந்தால் லைட்னிங் லேன் (காசு கொடுத்தால் கிடைக்கும் குறுக்கு க்யூ) வசதியில் பல ரைடுகளுக்குச் சேர்த்து விற்கும் மல்டி பாஸில் சேர வாய்ப்பு உண்டு. நான்கைந்துதான் என்றால் ரேடியேட்டர் ஸ்பிரிங்ஸ் ரேசர்ஸ் மாதிரி தனிக் காசு கொடுத்து வாங்கும் சிங்கிள் பாஸுக்கு பட்ஜெட்டில் இடம் விடுங்கள்.