குவீன் மேரி 2 கப்பலில் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். செப்டம்பரில் அப்பா அம்மாவோடு இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் இருந்து நியூயார்க்குக்குக் குவீன் மேரி 2-ல் போகிறோம், ஏழு இரவு, நடுவில் ஒரு துறைமுகமும் கிடையாது, வெறும் அட்லாண்டிக்தான். எனக்கு அதுவே சொர்க்கம். ஏழாவது தளத்தில் கப்பலைச் சுற்றி ஓடும் மரத்தளம், அங்கே கம்பளியைப் போர்த்திக்கொண்டு சாய்வு நாற்காலியில் ஒரு குட்டித் தூக்கம், மூன்றரை மணிக்கு வெள்ளைக் கையுறை போட்டவர்கள் ஊற்றித் தரும் டீ, போதும். மேற்கே போவதால் ஐந்து இரவு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், தூக்கமும் லாபம்.

அப்பாதான் "நாள் பூரா தண்ணியப் பாத்துக்கிட்டு என்னடா பண்றது?" என்கிறார். கோளரங்கம் இருக்கிறது, பெரிய நூலகம் இருக்கிறது என்றேன், மசியவில்லை. அம்மாவுக்கோ ஏற்காடு பஸ்ஸிலேயே எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடிதான் பயணம்.

கீழ்த்தளத்தில் நடுப்பக்கம் அறை எடுத்தால் ஆட்டம் குறைவு என்பது தெரியும், ஆனால் அதற்காகப் பால்கனியை விடலாமா, இல்லை அந்தக் குளிர்காற்றில் பால்கனியில் உட்காரவே முடியாதா? முட்டை கலக்காத சைவம் முன்கூட்டிச் சொன்னால் ஒழுங்காகக் கிடைக்கிறதா? அப்புறம், கோட்டு சூட்டு கட்டாயமான இரவுகளில் அப்பா பட்டு வேட்டியில் போனால் உள்ளே விடுவார்களா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள், அடுத்த வாரம் அறையை முடிவு செய்யணும்.